கழுவாமல் கொண்டு வாருங்கள்

ராகலை பஜாரில் மரக்கறி லொறிகள் நிற்கும் வரிசைக்குப் பின்னால் அந்த அக்காவுடைய டயர்க்கடை இருந்தது. முன்பக்கம் ஆட்டோ டயர்கள், உள்ளே சைக்கிள் டயர்கள். முதன்முதலில் நான் போன அன்று என் சைக்கிள் குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. அவர் மேசையை விட்டு எழுந்து வந்து முன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். டயரின் பல் இடுக்கில் விரலை விட்டுத் தோண்டினார். ஒன்றும் வரவில்லை. விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மண்ணு எங்க சேர்?”

“கழுவிட்டேன்.”

“ஏன் கழுவினீங்க?”

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? பஜாருக்கு இறங்கும் முன் நாங்கள் பீலியில், மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே கொட்டும் தண்ணீரில், கால் கழுவுவோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மண் பாதையில் வந்து, தார் ரோடு தொடங்கும் இடத்தில் மறுபடியும் காலை அலசிக்கொண்டு செருப்பைப் போடுவோம். கால்சட்டை விளிம்பில் சிவப்புக் கறை இருந்தால் பஜாரில் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் உட்காரச் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்கள். அந்த ஒரு நொடி எனக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியராகிப் பன்னிரண்டு வருடம் கழித்தும் சப்பாத்தைத் துடைக்க ஒரு பழைய துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். அதே துணியால்தான் அன்று சைக்கிளையும் துடைத்திருந்தேன். கடைக்கு மரியாதை செய்கிறேன் என்ற நினைப்பு.

“கல்யாண வீட்டுக்கா போகுது சைக்கிள்? நாளைக்கு பள்ளிக்கூடம் போயிட்டு நேரா இங்க வாங்க. கழுவாம கொண்டு வாங்க. அப்பதான் என்னால ஏதாவது சொல்ல முடியும்.”

எனக்குக் கோபம் வந்தது. டயர் வாங்க வந்தவனிடம் டயரைக் காட்டாமல் மண்ணைக் கேட்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் கழுவாமல் கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

வழி இல்லாமல் போனதற்குக் காரணம் என் பள்ளிக்கூடம். தோட்டத்தின் மேல் பிரிவில், மேக்கணக்கு என்று எங்கள் ஆட்கள் சொல்லும் இடத்தில், ஐந்தாம் ஆண்டு வகுப்பு எனக்கு. பதினொரு பிள்ளைகள். எனக்கு முன் இரண்டு பேர் வந்து ஒரு மழைக்காலத்தோடு மாற்றம் வாங்கிப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு பள்ளித் தவணை அந்த வகுப்புக்கு ஆளே இல்லை. மற்ற ஆசிரியர்கள் நுவரெலியாவிலிருந்து ஒரு வேனில் லொறிப் பாதை வழியாக வருவார்கள். நான் இருந்த பக்கத்துக்கு அந்த வேன் வராது. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடத்தில் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த பழைய மலைச் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தேன். தேயிலை ஃபெக்டரி வரை தார் ரோடு. அதற்கு மேல் மூன்று மைல், தேயிலை மலைகளுக்கு ஊடே குறுக்குப் பாதை. வெயில் காலத்தில் அந்தப் பாதை சொர்க்கம். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் தை முடியும் வரை சகதி.

அந்த ஐப்பசியில் நான் செய்த முதல் காரியம், நுவரெலியாவுக்குப் போய் இருப்பதிலேயே தடித்த டயராகப் பார்த்து வாங்கிப் போட்டது. பல் பெரிதாக, நெருக்கமாக, பார்க்கவே பயமாக இருந்தது. சேற்றுக்குத் தடித்த டயர் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் நாளே, ஆறாம் நம்பர் மலையின் களிமண்ணில் இரண்டு சக்கரங்களும் சுற்றாமல் நின்றுவிட்டன. பல் இடுக்கெல்லாம் மண் அடைத்து, அந்த மண் மேல் மண் ஏறி, சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. என்னை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய சைக்கிளை நான் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஏழரைக்கு மேல் வருகிறவர்களுக்காக அதிபர் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். அந்த மாதத்தில் என் கையெழுத்து ஒன்பது தடவை கோட்டுக்குக் கீழே கிடந்தது.

அதிபர் நல்ல மனிதர். ஒருநாள் இடமாற்றப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. இந்த வழியில யாராலயும் வர ஏலாது. தைப் பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழம கடைசி நாள். நெரப்பி வச்சுக்கோங்க.”

நிரப்பி வைத்துக்கொண்டேன். பிள்ளைகளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இந்த நிலையில்தான் யாரோ சொல்லி அந்தக் கடைக்குப் போனேன்.

பஜாரில் அவரை ‘டயர்க்கடை அக்கா’ என்பார்கள். வயது முப்பத்தைந்து இருக்கலாம். வாப்பாவின் கடை. வாப்பாவுக்குக் கண் பார்வை மங்கிய பிறகு இவர் பார்த்துக்கொண்டார். டயரைக் கழற்றி மாட்டுவது தம்பி. எந்த டயர் என்று முடிவு செய்வது இவர். எங்களோடு பேசும்போது எங்கள் பேச்சு. உள்ளே உம்மாவோடு பேசும்போது வேறு பேச்சு. லொறி டிரைவர்களோடு சிங்களம். மூன்றிலும் அவர் அதிகம் சொன்ன வார்த்தை ‘தெரியாது’ என்பதுதான். “தெரியாது, கொண்டு வாங்க, பாப்போம்” என்பார். நான் திடுக்கிட்டுத்தான் போனேன். எங்கள் தொழிலில் அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டோம். தெரியாவிட்டால் கேட்ட பிள்ளையை உட்காரச் சொல்வோம்.

மண்ணை அவர் பார்க்கும் விதம் ஒரு தனி அழகு. கரண்டிக் காம்பால் பல் இடுக்கிலிருந்து கொஞ்சம் நோண்டி எடுப்பார். உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உருட்டுவார். உடையாமல் நீளமாகத் திரி வந்தால் “இது ஒட்டுற ஜாதி” என்பார். உதிர்ந்தால் “இது பரவாயில்ல, விட்டுரும்.” கறுப்பு மண்ணாக இருந்தால் மோந்து பார்ப்பார். சாணி எரு வாசம் அடித்தால் அது மரக்கறித் தோட்டத்து மண், இன்னும் மோசம். காய்ந்த மண்ணைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். காய்ந்தால் எல்லா மண்ணும் நல்ல பிள்ளையாகிவிடும் என்பது அவர் கட்சி. முகம் சுளிக்காமல் எங்கள் சேற்றைக் கையில் வாங்கிய முதல் பஜார்க்காரர் அவர்தான். அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

மண்ணைப் பார்த்த பிறகு இன்னொரு கேள்வி கேட்பார். “எங்க விழுந்தீங்க?”

இந்தக் கேள்விதான் பலரை விரட்டியது. நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போகும் இளைஞன் ஒருவன் ஒருநாள் வந்தான். கறுப்புக் கண்ணாடி, இறுக்கமான உடுப்பு. இருப்பதில் நல்ல டயராக, எல்லா இடத்துக்கும் போகிற மாதிரி வேண்டும் என்றான்.

“எல்லா எடத்துக்கும் போற டயரு எங்கிட்ட இல்ல தம்பி. நீங்க எங்க விழுந்தீங்க, அத சொல்லுங்க.”

“நான் விழல.”

“அப்ப இருக்கிற டயரே நல்லாத்தானே இருக்கு.”

அவன் முறைத்துக்கொண்டு போய்விட்டான். அவருடைய தம்பிக்கு வயிற்றெரிச்சல். வந்த வியாபாரத்தைத் துரத்துகிறாயே என்று சலித்துக்கொண்டான். இவர் அசையவில்லை. அந்த இளைஞன் ஒரு கிழமை கழித்து முழங்கையில் பெரிய பிளாஸ்திரியோடு வந்து, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு கவ்வாத்து மலையில் விழுந்த கதையை விலாவாரியாகச் சொன்னான். அன்று அவனுக்கு டயர் கிடைத்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி முனை எல்லாம் ஈட்டியாக நிற்கும், அங்கே எந்த டயரும் தாங்காது, இறங்கி நடக்க வேண்டும் என்ற புத்திமதியும் கிடைத்தது.

பல நாள் பழகிய பிறகுதான் தெரிந்தது, அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. எனக்கு நம்ப முடியவில்லை.

“ஓட்டாமலா இவ்வளவும் சொல்றீங்க?”

“ஓட்டத் தெரிஞ்சிருந்தா எனக்கு எது நல்லதோ அதையே எல்லாருக்கும் குடுத்திருப்பேன் சேர். விழுறவங்க சொல்றாங்க, நான் கேக்குறேன். அவ்வளவுதான்.”

எனக்கு அவர் கொடுத்த டயர், நான் வாங்கிப் போட்டதில் முக்கால்வாசி அகலம்கூட இல்லை. பல்லும் அங்கொன்று இங்கொன்று. பார்க்க நோஞ்சானாக இருந்தது. இதற்கா இவ்வளவு ஆராய்ச்சி என்று வாய்வரை வந்தது. அவரே சொன்னார்: “மெல்லிசா இருந்தாத்தான் மேல இருக்கிற கூழ வெட்டிக்கிட்டு அடியில இருக்கிற கெட்டி மண்ணத் தொடும். பல்லு தூரத்தூர இருந்தாத்தான் ஏறின மண்ணு சுத்துறப்பவே கழண்டு விழும். வழியில வேற என்ன இருக்கு?”

“வேற ஒண்ணுமில்ல. எல்லாம் மண்ணுதான்.”

நான் பொய் சொல்லவில்லை. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பாதையின் கடைசி அரை மைலில், யூக்கலிப்டஸ் தோப்புக்கு அடியில், ஒரு பெரிய பாறைத்தளம் இருக்கிறது. வெயில் காலத்தில் அதுதான் வழியிலேயே சுகமான இடம். அதை ஒரு தொல்லையாக நான் நினைத்ததே கிடையாது. பாறை டயரில் ஒட்டுவதும் இல்லை. அதனால் அவர் விரலிலும் அது அகப்படவில்லை.

ஒன்பது நாள் அந்த டயர் அருமையாக ஓடியது. களிமண்ணில் சக்கரம் சுற்றும்போது மண் துண்டு துண்டாகத் தெறித்து என் முதுகில் விழும். ஒன்பது நாளும் கோட்டுக்கு மேலே கையெழுத்து. பத்தாம் நாள் பாறையில் மேலிருந்து தண்ணீர் வழிந்து பாசி பிடித்திருந்தது. அந்த உயரமான பற்கள் பாசியில் பிடி கிடைக்காமல் அப்படியே வழுக்க, இடது கை என் அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறியவில்லை, விரிசல். நான்கு நாள் வீட்டில் கிடந்தேன். ஐந்தாம் நாள் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு கீழிருந்து நடந்தே போனேன். படிவத்தைக் கொடுத்துவிடுவது என்று அன்று முடிவு செய்திருந்தேன்.

டயர்க்கடைக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. பஜாரில் எதுவும் தானாகப் போய்ச் சேரும். அன்று இரண்டாம் பாடவேளையில், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா கொழுந்துக் கூடையோடு ஜன்னல் பக்கம் வந்து நின்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“சேர், ஒரு முஸ்லிம் அக்கா நம்ம பாறையில செருப்பக் கழட்டிட்டு வழுக்கி வழுக்கிப் பாக்குறாங்க. யாரு என்னான்னு கேட்டா, ஒங்க டயருக்காகன்னு சொல்றாங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

அரை மணித்தியாலம் கழித்து அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். தம்பியின் ஆட்டோவில் ஃபெக்டரி வரை வந்து, அதற்கு மேல் மூன்று மைலையும் மழையில் தனியாக நடந்திருக்கிறார். கறுப்பு அபாயாவின் விளிம்பு முழங்கால் உயரத்துக்குச் சிவந்து கிடந்தது. கையில் குடை, இன்னொரு கையில் செருப்பு. என் தூளியைப் பார்த்ததும் முகம் சிறுத்துப் போனது.

“நான் வந்து பாத்துட்டுக் குடுத்திருக்கணும் சேர். கடையில ஒக்காந்துகிட்டுக் குடுத்துட்டேன்.”

“நீங்க கேட்டீங்க. நான்தான் பாறையச் சொல்லல.”

“நீங்க தெனம் போற வழி, ஒங்களுக்கு அது கண்ணுல படாது. எனக்குப் பட்டிருக்கும்.”

நான் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். எனக்குப் பதற்றம். இப்படியே பஜாருக்குள் போனால் நான்கு பேர் பார்ப்பார்களே, எங்களால் அவருக்கு அவமானம் வந்துவிடுமே என்று. அவர் வாளியை நகர்த்தி வைத்தார்.

“இருக்கட்டும். ஒவ்வொரு எடத்துலயும் எவ்வளவு ஏறியிருக்குன்னு கடைக்குப் போயித்தான் பாக்கணும்.”

அதே கோலத்தில் அவர் இறங்கிப் போனதாகவும், பஜார் நடுவே ஆட்டோவிலிருந்து இறங்கி அந்த விளிம்போடு கடை வரை நடந்ததாகவும், புடவைக்கடைக்காரர் ‘என்ன கோலம் இது’ என்று கேட்டதற்கு ‘மேக்கணக்கு மண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் பிறகு தம்பி சொன்னான். அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வயதில் ஒரு மனிதன் அழலாமா தெரியாது. கொஞ்சம் அழுதேன்.

கை தேறியதும் கடைக்குப் போனேன். எனக்காகத் தரையில் ஐந்தாறு டயர்களைப் பரப்பி வைத்திருந்தார். நகத்தால் ஒவ்வொன்றையும் அழுத்திக் காட்டினார். சிலவற்றின் ரப்பர் கல். சிலவற்றில் நகம் பதிந்தது.

“ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே டயரப் போட்டது என் பிழ சேர். முன் சக்கரம் பிடிக்கணும், பின் சக்கரம் துப்பணும். ரெண்டும் வேற வேற வேல.”

முன்னால் மெத்தென்ற ரப்பர். பல் குட்டை, ஒவ்வொரு பல்லிலும் மெல்லிய கீறல்கள். பாறையில் அது கால் விரல் மாதிரி படியும் என்றார். பின்னால் அந்தப் பழைய நோஞ்சான் டயரே. பிறகு காற்று. கல் மாதிரி அடித்து வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பஞ்சராகாது என்ற நம்பிக்கை. அவர் வால்வை அமுக்கி உஸ்ஸென்று விட்டுக்கொண்டே இருந்தார். நான் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தேன்.

“போதுங்க, தட்டையாயிரும்.”

“கட்டை விரல் வச்சு அமுக்கினா கொஞ்சம் எறங்கணும். பாறையில டயரு ஒக்காரணும், நிக்கக் கூடாது. மேல போறப்ப இப்படி. திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் அடிச்சுக்கோங்க.” கைப் பம்பு ஒன்றையும் பைக்குள் வைத்தார். “சரியா வருமான்னு எனக்குத் தெரியாது சேர். நீங்க ஓடிட்டுச் சொல்லுங்க.”

அப்போதுதான், இன்னும் கொடுக்காமல் பைக்குள் வைத்திருந்த படிவத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதையும் சொன்னேன். அவர் தடுக்கவும் இல்லை, போங்கள் என்று சொல்லவும் இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டார். பதினொன்று என்றேன்.

அந்த வாரம் மழை விடாமல் பிடித்தது. செவ்வாய்க்கிழமை இரவு லொறிப் பாதையில் மண் சரிந்து, புதன்கிழமை வேன் பாதி வழியோடு திரும்பிவிட்டது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை வீட்டிலேயே இருந்திருப்பேன். ஆறாம் நம்பர் மலையில் பின் சக்கரம் துப்பித் துப்பி ஏறியது. பாறைக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கால் விரல் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் ஒரு தடவை லேசாக நெளிந்தது, பிறகு பிடித்தது. மேலே ஏறி நின்று நான் திரும்பிப் பார்த்தேன். சாமி கும்பிடலாம் போல இருந்தது.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அதிபரும் வரவில்லை, மற்ற யாரும் வரவில்லை. பக்கத்து லயத்து வீடொன்றில் சாவி வாங்கித் திறந்தேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். சிவப்புக் கோடு போட ஆள் இல்லை. வகுப்பில் நான்கு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா, பாறையில் டயர்க்கடை அக்காவைப் பார்த்துச் சிரித்தாரே அவர்தான், தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

“நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சு மகள மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன் சேர். கொழுந்து மடுவத்துல ஒக்கார வச்சிருக்கேன். மத்த புள்ளைகளும் அங்கதான் இருக்கு. நீங்க பள்ளிக்கூடத்த மூடிராதீங்க, நான் போயிக் கூட்டிட்டு வாரேன்.”

போன மழைக்காலத்திலும் அந்தப் பிள்ளைகள் கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டிலில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், அதற்கு முந்திய மழைக்காலத்திலும். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அரை மணித்தியாலத்தில் பதினொரு பேரும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

இடைவேளையில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் போன் பேசலாம். டயர்க்கடைக்கு எடுத்தேன்.

“பாறையில வழுக்கிச்சா?” என்றுதான் கேட்டார்.

“ஒரு தடவ நெளிஞ்சுச்சு. விழல.”

“அல்ஹம்துலில்லாஹ்.” டயரைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

“நான் ஃபாரம் குடுக்கப் போறதில்ல” என்றேன்.

நான் எதிர்பார்த்தது சந்தோஷம்.

“ஒரு நாள் மழைய வச்சு முடிவு பண்ணாதீங்க சேர். இன்னும் ரெண்டு நாள் இருக்கே, ஓடிப் பாருங்க. அப்புறம் அந்தப் புள்ளைகளுக்கு வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா அது பாவம்.”

வியாழக்கிழமை ஓடினேன். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். வெள்ளிக்கிழமை மழை இன்னும் பலம். யூக்கலிப்டஸ் கிளை ஒன்று பாதையில் விழுந்து கிடந்தது, அதை இழுத்துப் போட நேரமாகிவிட்டது. நிரப்பிய படிவம் பைக்குள் பொலித்தீன் உறையில் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் அந்த அம்மா மகளை விட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“என்ன சேர், இன்னைக்கி அஞ்சு நிமிசம் லேட்டு? புள்ளைக எல்லாம் ஒக்காந்து எவ்வளவு நேரமாச்சு.”

சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இப்படி இனித்ததில்லை. உள்ளே பதினொரு பேரும் ஏற்கெனவே கொப்பியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இன்று அந்தக் கடை இல்லை. புருஷனுக்குக் குருநாகலில் வேலை கிடைத்து அவர் அங்கே போய் இரண்டு வருடமாகிறது. சமவெளி, நல்ல ரோடு. அங்கே யார் அவரிடம் சேற்றைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறார்கள் என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் பாவமாக இருக்கும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர் கடையில்தான் இருந்தார். இடைவேளை வரை பொறுக்க முடியவில்லை எனக்கு. பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டுக் கொடிக்கம்பத்துக்கு ஓடி, மழையில் நனைந்துகொண்டே அந்த அம்மா திட்டியதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னேன்.

இந்தத் தடவை அவர் ‘ஓடிப் பாருங்க’ என்று சொல்லவில்லை.

“அப்ப இனிமே நீங்க போக ஏலாது சேர்” என்றார். “ஒங்கள எதிர்பாக்கத் தொடங்கிட்டாங்க.”